‘உன் கூடப்பொறந்த ஆம்பளப் புள்ள யாராவது தவறிட்டாங்களாம்மா?’ - தாய்மாமன் வழியே தெரியவரும் ஒரு மரபணுப் பிழை!

விடிஞ்சும் விடியாத நேரத்தில் போடிநாயக்கனூரில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தூக்குவாளியும் துண்டுமாக ஆட்கள் ஏற ஏற, ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். முந்தல் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போடிமெட்டு. செக்போஸ்ட்டைக் கடந்தால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள் விரியும்.

அந்த ஜீப்பில் போகிற ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அந்தப் பெண்ணுக்கு 24 வயது. முதல் குழந்தை, ஆண். பிறக்கும்போது நல்ல எடை, நல்ல நிறம். இரண்டாவது மாதம் முடிவதற்குள் வாயெல்லாம் வெள்ளை படிந்தது. அப்புறம் பேதி. அப்புறம் இருமல். `மலைக் குளிர் ஒத்துக்கல’ என்றார் மாமியார். `மாந்தம்’ என்றார் பாட்டி. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர் சிரப் கொடுத்தார். இந்தப் பக்கம் ஒரு டாக்டர் ஊசி போட்டார். குறைகிற மாதிரி இருந்தது, திரும்ப வந்தது. நாலாவது மாதம் நிமோனியா.

தேனிக்கு ஓடுகிறார்கள். அங்கே ஒரு டாக்டர், குழந்தையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கிறார். ``உன் கூடப்பொறந்த ஆம்பளப் புள்ள யாராவது சின்ன வயசுலயே தவறிட்டாங்களாம்மா?”

``எனக்கு முன்னாடி ரெண்டு அண்ணன் பொறந்தாங்களாம் சார். ரெண்டுமே தங்கல...”

குடும்பம் கற்பனைதான். ஆனால், அந்தக் கேள்வி உண்மையானது. பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளைக் கண்டுபிடிக்க, உலகம் முழுக்க டாக்டர்கள் கேட்கிற கேள்வி அது. `தங்கல’ என்ற அந்த ஒரு வார்த்தையை நாம் விதி என்று எடுத்துக்கொள்கிறோம். டாக்டருக்கு அது ஒரு மருத்துவத் தகவல்.

காவலே இல்லாத வீடு

நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் `லிம்போசைட்’ என்று ஒரு வகை உண்டு. அதில் டி செல், பி செல் என இரண்டு முக்கியப் பிரிவுகள். கிருமி பாதித்த செல்லைத் தேடி அழிப்பதும், மற்ற செல்களுக்கு உத்தரவு கொடுப்பதும் டி செல். கிருமியைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைத் தயாரிப்பது பி செல்.

இந்த இரண்டுமே வேலை செய்யாமல் ஒரு குழந்தை பிறந்தால், அதற்குப் பெயர் `கடுமையான கூட்டு நோய் எதிர்ப்புக் குறைபாடு’. சுருக்கமாக `ஸ்கிட்’. எய்ட்ஸ் மாதிரி வெளியிலிருந்து வந்து தொற்றுவதில்லை இது. கருவிலேயே மரபணுவில் இருக்கிற பிழை. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகள் 30 லட்சம் பேரைப் பரிசோதித்து 2014-ல் வெளியான ஆய்வில், சுமார் 58,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருப்பது தெரியவந்தது.

பிறந்ததும் ஏன் தெரிவதில்லை? கர்ப்பத்தின்போது அம்மாவின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. முதல் சில வாரங்கள் அதுதான் ஓரளவுக்குக் காவல். அந்த இருப்பு குறையக் குறைய, உள்ளே சொந்தக் காவல் எதுவுமே இல்லை என்பது வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

டேவிட்: பிளாஸ்டிக் கூடாரத்தில் 12 வருடம்

இந்த நோயை உலகம் அறிந்தது டேவிட் வெட்டர் என்ற சிறுவனால். 1971 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிறந்தான். அவனுக்கு முன் பிறந்த அண்ணன் ஏழே மாதத்தில் இறந்திருந்தான். அடுத்து பிறப்பதும் ஆணாக இருந்தால் அதே நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர்கள் எச்சரித்திருந்தார்கள். அதனால், பிறந்த சில நொடிகளிலேயே டேவிட்டைக் கிருமியே இல்லாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்துவிட்டார்கள். சாப்பாடு, பொம்மை, புத்தகம் எல்லாமே கிருமி நீக்கிய பிறகுதான் உள்ளே போகும். அம்மாகூட கையுறை வழியாகத்தான் தொட முடியும்.

1983-ல் அக்காவின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தினார்கள். அந்த மஜ்ஜைக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு வைரஸ் ஒளிந்திருந்தது. ஆரோக்கியமான மனிதர்களில் பெரும்பாலும் பெரிய தொந்தரவு தராத வைரஸ்தான். டேவிட்டுக்கு அதுவே புற்றுநோயானது. 1984 பிப்ரவரியில், 12 வயதில் இறந்துபோனான்.

அவனுடைய உடலில் எந்த மரபணு பழுதாகியிருந்தது என்பது தெரிய 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பெயர் `ஐஎல்2ஆர்ஜி’.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்?

போடியில் ஏலக்காய் ஏலம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு லாட் நம்பர். சீட்டில் ஒரே ஓர் எண் தப்பானால், மூட்டை தப்பான ஆளுக்குப் போய்விடும். காயில் குறை இல்லை, தராசில் குறை இல்லை. சீட்டில்தான் பிழை.

நம் டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்துகளால் ஆனது. அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓர் எழுத்து மாறினாலோ, விடுபட்டாலோ, அந்த மரபணு தயாரிக்க வேண்டிய புரதம் கோணலாக உருவாகும். அல்லது உருவாகவே உருவாகாது. இதைத்தான் `மியூட்டேஷன்’ என்கிறார்கள். எல்லா மியூட்டேஷனும் நோயைத் தருவதில்லை. நம் ஒவ்வொருவரிடமும் எத்தனையோ மாற்றங்கள் சத்தமில்லாமல் இருக்கின்றன. முக்கியமான இடத்தில் விழுகிற பிழைதான் ஆபத்து.

நோய் எதிர்ப்பைப் பாதிக்கும் பிறவிக் குறைபாடுகள் இதுவரை 450-க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. முக்கியமான சில மரபணுக்கள் இவை:

* ஐஎல்2ஆர்ஜி: லிம்போசைட்டுகள் தகவல் வாங்கும் ஆன்டெனாவின் ஒரு பாகத்தை இது தயாரிக்கிறது. ஆறு வகை ஆன்டெனாக்களுக்கும் அந்த ஒரே பாகம்தான். அது இல்லையென்றால் ஆறும் அவுட்.
* ராக்1, ராக்2: விதவிதமான கிருமிகளை அடையாளம் காண, டி செல்லும் பி செல்லும் தங்கள் டிஎன்ஏ துண்டுகளை வெட்டி ஒட்டிப் புதுப்புது அமைப்புகளை உருவாக்கும. அந்த வெட்டும் கத்தரி இதுதான்.
* ஏடிஏ: செல்லுக்குள் சேரும் கழிவை அகற்றும் என்சைம். இது இல்லாவிட்டால் கழிவே விஷமாகி லிம்போசைட்டுகளைக் கொல்லும்.
* பிடிகே: பி செல் வளர்வதற்கான சிக்னல். இது பழுதானால் டி செல் இருக்கும், ஆன்டிபாடி மட்டும் இருக்காது. 1952-ல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், அடிக்கடி தொற்றுக்கு ஆளான 8 வயது சிறுவனிடம் இதைக் கண்டுபிடித்தார். பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடுகள் என்ற மருத்துவத் துறைக்கே அது ஒரு தொடக்கம். மரபணு தெரியவந்தது, இதற்கும் 1993-ல்தான்.

ஏன் தாய்மாமன்?

ஐஎல்2ஆர்ஜி, பிடிகே இரண்டுமே எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் பிழை இருந்தாலும் இன்னொன்று சமாளித்துவிடும். அந்தப் பெண் ஆரோக்கியமாகவே இருப்பார். தன்னிடம் அப்படியொரு பிழை இருப்பதே தெரியாது.

ஆணுக்கு ஒரே ஓர் எக்ஸ்தான். அது அம்மாவிடமிருந்து வருவது. அதில் பிழை இருந்தால் மாற்று கிடையாது. ஆக, பிழையைச் சுமக்கும் அம்மாவுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50% வாய்ப்பு. ஒவ்வொரு மகளுக்கும் அதே பிழையைச் சுமக்க 50% வாய்ப்பு.

இப்போது குடும்பத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். பாட்டி அந்தப் பிழையைச் சுமக்கிறார். அவருக்குப் பிறந்த ஆண் குழந்தைகளில் சிலர் இறக்கிறார்கள். பெண் குழந்தை பிழைத்து, வளர்ந்து, அம்மாவாகிறார். அவருடைய மகனுக்கு நோய் வருகிறது. இந்தச் சங்கிலியில் தடயம் எங்கே இருக்கிறது? பிறந்து, பெயர்கூட வைக்காமல் போன தாய்மாமனிடம். காது குத்துக்கு மடியில் உட்காரவைக்கிற மாமன், சீர் கொண்டுவருகிற மாமன் என்று நமக்கு எல்லாவற்றிலும் தாய்மாமன் வேண்டும். மருத்துவத்திலும் அப்படித்தான். வந்து நிற்கிற மாமனைவிட, இல்லாமல் போன மாமன் இங்கே அதிகம் சொல்வார்.

பெரியம்மா, சித்தி வீட்டு ஆண் குழந்தைகளையும் கேட்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் இந்தப் பிழை உருவாகலாம். அதனால், `எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லை’ என்பதால் மட்டும் சந்தேகத்தை விட்டுவிடக் கூடாது.

நம் ஊரில் முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காமல் போனால், அடுத்ததாகப் பிறப்பதற்கு `பிச்சை’, `குப்பை’ என்று பெயர் வைப்பார்கள். சாமிக்கே அந்தப் பிள்ளை வேண்டாததாகத் தோன்றட்டும் என்ற தவிப்பு அது. அந்தக் காலத்துக் குழந்தை மரணங்களில் மிகப் பெரும்பாலானவை சாதாரணத் தொற்று, ஊட்டச்சத்துக் குறைவு, பிரசவச் சிக்கல் போன்றவற்றால்தான். ஆனால், ஒரே குடும்பத்தில், அம்மா வழியில், ஆண் குழந்தைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருந்தால், அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. `ஆம்பளப் புள்ள தங்காத வயிறு’ என்று எத்தனை பெண்கள் பேச்சு வாங்கியிருப்பார்கள்? டிஎன்ஏ நகலெடுக்கும்போது நடந்த எழுத்துப்பிழை அது. சாபமும் இல்லை, அந்தப் பெண்ணின் தப்பும் இல்லை.

சொந்தத்தில் கல்யாணம்... இங்கே என்ன பங்கு?

எக்ஸ் வழி நோய்க்கும் சொந்தத்தில் கல்யாணம் செய்வதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அசலில் கட்டிக்கொடுத்தாலும் மகனுக்கு வர அதே வாய்ப்புதான்.

ஆனால், ராக்1, ராக்2, ஏடிஏ போன்றவை வேறு மாதிரி. இங்கே அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வந்தால்தான் நோய். இருவரும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் 25% வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. அசலில் ஒரே மரபணுவில் பிழை உள்ள இரண்டு பேர் சேர்வது அபூர்வம். அத்தை மகன், மாமன் மகள் என்றால் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அதே பிழை இருவருக்கும் வந்திருக்கலாம். அக்கா மகளைக் கட்டும் தாய்மாமன் என்றால் வாய்ப்பு இன்னும் கூடும். 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் சுமார் 28% பெண்களின் திருமணம் சொந்தத்தில் நடந்தது. நாட்டிலேயே மிக அதிகம் நம்மிடம்தான்.

சொந்தத்தில் கட்டியவர்களின் குழந்தைகளில் பெரும்பாலானோர் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. குடும்பத்தில் விளங்காத குழந்தை மரணம் இருந்தால், கல்யாணத்துக்கு முன்போ, குழந்தைக்குத் திட்டமிடும்போதோ மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

இந்தியாவின் கணக்கு வலிக்கிறது

இந்தியாவில் 20 மையங்களின் தகவல்களைத் திரட்டி 2021-ல் ஓர் ஆய்வு வெளியானது. மொத்தம் 277 குழந்தைகள். அவர்களில் 254 பேர் ஸ்கிட் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள். மரபணு உறுதியான 162 பேரில், 36 பேருக்கு ஐஎல்2ஆர்ஜி, 26 பேருக்கு ராக்1. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை கிடைத்தது 23 பேருக்கு மட்டுமே. 210 குழந்தைகள் இறந்துவிட்டார்கள்.

இதன் பக்கத்தில் இன்னொரு கணக்கை வையுங்கள். வட அமெரிக்காவில் 25 மையங்களில், 2000 முதல் 2009 வரை மஜ்ஜை மாற்று செய்யப்பட்ட 240 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2014-ல் வந்தது. மூன்றரை மாத வயதுக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 94% பேர் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு, உடலில் தொற்று இருக்கும்போதே சிகிச்சை பெற்றவர்களில் பிழைத்தது பாதிப்பேர்தான். அதாவது, நோய் அதேதான். எப்போது கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. அதனால்தான் அமெரிக்காவில் 2008-ல் விஸ்கான்சின் மாநிலம் தொடங்கி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்திலேயே இதைத் தேடுகிறார்கள்.

போடியிலேயே செய்யக்கூடிய முதல் டெஸ்ட்

மரபணுப் பரிசோதனை பெரிய விஷயம். ஆனால், முதல் துப்பு சின்ன ஊர் லேபிலேயே கிடைக்கும். சாதாரண ரத்த அணுக்கள் எண்ணிக்கைப் பரிசோதனை, அதாவது சிபிசி போதும்.

ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணுக்கள் எவ்வளவு, அதில் லிம்போசைட் எத்தனை சதவிகிதம் என்று இருக்கும். போன் கால்குலேட்டரில் இரண்டையும் பெருக்குங்கள். உதாரணமாக, 6,000 வெள்ளை அணுக்கள், 30% லிம்போசைட் என்றால் 1,800.

இங்கேதான் ஒரு சிக்கல். பெரியவர்களுக்கு 1,000 முதல் 4,000 வரை நார்மல். பெரியவர்களுக்கான அளவை வைத்துப் பார்த்தால் 1,800 என்பது `நார்மல்’ மாதிரியே தெரியும். கைக்குழந்தைகளுக்கு இயல்பிலேயே லிம்போசைட் மிக அதிகம். அவர்களுக்கு 3,000-க்குக் கீழே போனாலே டாக்டர் உஷாராக வேண்டும். குறைவாக இருந்தால் உடனே ஸ்கிட் என்று அர்த்தமில்லை. நார்மலாக இருப்பதால் மட்டும் ஸ்கிட் இல்லை என்றும் அர்த்தமில்லை. சந்தேகம் இருந்தால் டி செல், பி செல்களைத் தனித்தனியாக எண்ணும் பரிசோதனை, அதன் பிறகு மரபணுப் பரிசோதனை என்று டாக்டர்கள் போவார்கள்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

* ஒரே வருடத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ நிமோனியா
* ஒரே வருடத்தில் நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ், தொற்று
* மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் சரியாகாத தொற்று
* எடை கூடாமல் நின்றுபோவது, நிற்காத பேதி
* வாயில் திரும்பத் திரும்ப வெள்ளை படிதல்
* தோலிலோ உள்ளுறுப்புகளிலோ அடிக்கடி சீழ்க்கட்டி
* குடும்பத்தில் விளங்காத கைக்குழந்தை மரணம்

சளி பிடிக்கிற எல்லாக் குழந்தைக்கும் இந்த நோய் இல்லை. ஆனால், ஒரு ஊசி மலைக்கு மேலே, ஒரு மருந்து மலைக்குக் கீழே என்று மாறி மாறிப் பார்த்தால், ஒவ்வொரு டாக்டர் கண்ணுக்கும் அது ஒரு சாதாரணக் காய்ச்சலாகத்தான் தெரியும். மொத்தமும் ஒரே இடத்தில் இருந்தால்தான் தொடர்ச்சி புரியும். அதனால், சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து போனில் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

தடுப்பூசி: ஒரு முக்கியமான எச்சரிக்கை

நம் நாட்டில் பிறந்தவுடன் பிசிஜி ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் கொடுக்கிறார்கள். இரண்டிலும் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. மற்ற குழந்தைகளுக்கு அது கவசம். ஸ்கிட் குழந்தைக்கு அந்தப் பலவீனமான கிருமியே உடல் முழுக்கப் பரவலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் தடுப்பூசியைத் தவிர்த்துவிடாதீர்கள். அது இன்னும் பெரிய ஆபத்து. குடும்பத்தில் அப்படி ஒரு மரணம் நடந்திருந்தால் மட்டும், பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். உயிருள்ள கிருமி உள்ள தடுப்பு மருந்துகளைப் பரிசோதனை முடியும்வரை தள்ளிவைப்பதா என்று அவர் முடிவு செய்வார். இந்தக் குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றுவதென்றாலும் கதிர்வீச்சு செய்த ரத்தம்தான் ஏற்ற வேண்டும்.

சிகிச்சை எங்கே, பணத்துக்கு என்ன வழி?

ஸ்கிட்டுக்கு முக்கியமான தீர்வு, ஆரோக்கியமான ஒருவரின் ரத்த ஸ்டெம் செல்லைச் செலுத்துவது. பொருந்துகிற அண்ணனோ அக்காவோ இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் அப்பா அல்லது அம்மாவின் பாதிப் பொருத்தத்திலும் செய்கிறார்கள். வேலூர் சி.எம்.சி-யில் 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று தொடங்கிவிட்டது. சென்னையிலும் குழந்தைகளுக்கான மஜ்ஜை மாற்று மையங்கள் இருக்கின்றன. 2023 ஜூன் 15-ல் போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நேரடி ரயிலும் ஓடத் தொடங்கியது.

பிடிகே குறைபாடு உள்ளவர்களுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆன்டிபாடியை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். வாழ்நாள் முழுக்கத் தேவை. ஆனால், ஒழுங்காக ஏற்றினால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம்.

ஏடிஏ குறைபாட்டுக்கு 1990-ல் அமெரிக்காவில் 4 வயது சிறுமிக்குத்தான் அங்கீகரிக்கப்பட்ட முதல் மரபணுச் சிகிச்சை நடந்தது. இன்றைக்கு இத்துறை வெகுதூரம் வந்திருந்தாலும், நம் ஊர்க் குடும்பங்களுக்கு நடைமுறையில் கைக்கெட்டுவது மஜ்ஜை மாற்றுதான்.

மத்திய அரசின் 2021 அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், ஒருமுறை சிகிச்சையில் குணமாகக்கூடிய நோய்களின் பட்டியலில் ஸ்கிட்டும் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக ரூ.50 லட்சம் வரை உதவி கேட்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள்.

ஒரு குழந்தையை இழந்திருந்தால்...

இதைச் சொல்வது கஷ்டம். ஆனால், சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் ஒரு குழந்தை உயிருக்குப் போராடுகிறது என்றால், அதன் ரத்த மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுத்து வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்த இடத்தில் பிழை என்று தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் மூன்றாவது மாதம் வாக்கிலேயே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பரிசோதிக்க முடியும். அம்மாவின் அக்கா, தங்கைகளும் தாங்கள் அந்தப் பிழையைச் சுமக்கிறோமா என்று தெரிந்துகொள்ளலாம். போன குழந்தை திரும்பாது. அதன் ஒரு சொட்டு ரத்தம், சித்தி மகனைக் காப்பாற்றலாம்.

ஊரில் அடுத்த விசேஷத்துக்குப் போகும்போது, ஒரு பத்து நிமிடம் அம்மாச்சி பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் தங்கினார்கள், தங்காதவர்கள் ஆணா பெண்ணா, எத்தனை மாதத்தில், என்ன செய்தது என்று கேளுங்கள். `அதெல்லாம் இப்ப எதுக்குய்யா?’ என்பார். பிறகு, ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். போன் நோட்ஸில் எழுதிக்கொள்ளுங்கள்.

பல வீடுகளில் அந்தக் குழந்தைகளுக்கு போட்டோ இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை. அவர்கள் இருந்ததற்கான ஒரே பதிவு, அம்மாச்சியின் ஞாபகம்தான். அது இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.